வெள்ளைத் துண்டு ஒட்டிய பதினொரு விண்ணப்பங்கள்

நம் காரியாலயத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும்,

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோணல்மாணலாக இருக்கும். எழுத்துப் பிழைகளும் நிறைய இருக்கும். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். பிழைகளைத் திருத்திக்கொண்டு வாசியுங்கள். விஷயத்தை மட்டும் திருத்த வேண்டாம். அது நடந்தபடியே இருக்கட்டும்.

போன வருடம் நான் ஓய்வு பெற்ற அன்று கேக் வெட்டி, ரோல்ஸ் கொடுத்து, என்னைக் கதிரையில் உட்கார வைத்தீர்கள். "அண்ணே, பதினாறு வருச சர்வீஸ். புதுசா வந்த எங்களுக்கு ரெண்டு வார்த்தை சொல்லுங்க" என்று கேட்டீர்கள். நான் எழுந்து "எல்லாருக்கும் நன்றி" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். "கேட்டபடியே ரெண்டே வார்த்தை சொல்லிட்டாரு, எண்ணிப் பாத்துக்குங்க" என்று ஒரு தம்பி சொல்ல, எல்லாரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன்.

எனக்குக் கூச்ச சுபாவம் என்று நினைத்திருப்பீர்கள். அதுவும் உண்மைதான். ஆனால் அன்றைக்கு என் வாயை அடைத்தது கூச்சம் இல்லை. பரிசுப் பொட்டலங்களுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் பையில் ஒரு கோவா, முட்டைக்கோஸ்தான், இருந்தது ஞாபகம் இருக்கிறதா? "யாருண்ணே கோவா பிரசண்ட் பண்ணது?" என்று கேட்டுச் சிரித்தீர்களே, அந்தக் கோவா. அதை யார் கொடுத்துவிட்டார் என்று எனக்குத் தெரியும். அதைப் பார்த்த பிறகு எனக்கு வாய் வரவில்லை. அந்தக் கதையைத்தான் எழுதுகிறேன்.

நான் தொண்ணூற்றிரண்டில் தற்காலிக கே.கே.எஸ். ஆகச் சேர்ந்தேன். காரியாலய உதவியாளர் என்று இப்போது மரியாதையாகச் சொல்கிறார்கள். அதற்கு முன்னால் தோட்டத்தில் தேயிலைச் செடிகளுக்குக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தேன். நேர்முகத்தில் அப்போதிருந்த பெரிய மாத்தயா, காரியாலயத்துக்கு மேலதிகாரி, சிங்களத்தில் என்னோடு நன்றாகப் பேசினார். பேச்சுச் சிங்களம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. கடைசியாக, "எழுத வாசிக்கத் தெரியுமா?" என்று கேட்டார். "ஒவ் மாத்தயா", ஆமாம் ஐயா, என்றேன். தெரியாது. ஒரு எழுத்துக்கூடத் தெரியாது. உத்தியோக நடத்தை பற்றிய ஒரு சிங்களக் கடதாசியை நீட்டினார்கள். அதன் அடியில் கையெழுத்து வைத்தேன். உங்களுக்கு அதைத் தமிழில் சிறு புத்தகமாகவே கொடுத்திருக்கிறார்கள், பார்த்தேன். நல்ல விஷயம்.

அந்தக் காலத்தில் நம் காரியாலயத்தில் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் தலைமை லிகிதராக, எழுத்து வேலைக்குத் தலைவராக, இருந்தார். பெயர் எழுதவில்லை, அவருக்குப் பிடிக்காது. நான் கையெழுத்து வைத்துவிட்டு வெளியே வந்ததும் அவர் கேட்டார்.

"என்ன ஐசே, கையெழுத்து வைச்சீர். அதில என்ன எழுதிக் கிடக்கெண்டு தெரியுமோ?"

"தெரியாதுங்க."

"எனக்கும் முழுக்கத் தெரியாது. ஆனா ஒண்டு தெரியும். பிழை விட்டா அண்டைக்கே சொல்லிப்போட வேணும். அண்டைக்குச் சொன்னா வேலை பிழைச்சது எண்டு போகும். பிந்திச் சொன்னா ஆள் பிழை எண்டு ஆகும்."

நான் தலையாட்டினேன். தலையாட்டுவதில் நான் கெட்டிக்காரன்.

புதன்கிழமை பொதுமக்கள் நாள். இலக்கத் துண்டு கொடுப்பது என் வேலை. எல்லாரும் நம் சனம். அதிகாலையிலேயே பஸ் பிடித்து வந்து நிற்பார்கள். ஒரு நாள் இங்கே வந்தால் தோட்டத்தில் அன்றைய பேர் போகும், அதாவது அன்றைய சம்பளம் போகும். அது எனக்குத் தெரியாதா? அப்படியிருந்தும், யாராவது லீக்ஸ், கரட் என்று ஒரு பையை என் மேசைக்கடியில் வைத்தால் வரிசையில் முன்னால் உள்ள இலக்கம் அவருக்குப் போகும். நான் கேட்டு வாங்கியது கிடையாது. வேண்டாம் என்று சொல்லவும் எனக்கு நாக்கு வராது. வாங்கினால் திருப்பிச் செய்யாமல் இருக்கவும் மனசு வராது. இதை அன்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் தலைமை லிகிதர் வந்து குனிந்து மேசைக்கடியில் பார்த்தார். வரிசையில் நிற்பவர்களுக்கும் கேட்கும்படி, "இந்த லீக்ஸுக்கு எத்தினையாம் நம்பர் குடுத்தனீர்?" என்றார். "லீக்ஸ் முதலாவதா உள்ளுக்க வந்திட்டுது. ஆக்கள் பனியுக்க நிக்கினம்" என்று சொல்லிவிட்டுப் போனார். வரிசையில் நின்ற ஒரு பெண் சத்தமாகச் சிரித்தார். அவர்தான் மாரியாயி அக்கா.

மாரியாயி அக்கா லிந்துலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கொழுந்து எடுப்பவர். புருஷன் இல்லை. ஒரே மகன் சிவகுமார், பத்தொன்பது வயது. அவனுக்குக் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை சொல்லி வைத்திருந்தார்கள். அடையாள அட்டை இல்லாமல் கொழும்பில் இருக்க முடியாத காலம் அது. வீதியில் மறிப்பார்கள், விடுதிகளைச் சுற்றி வளைப்பார்கள். அட்டை இல்லாத தமிழ்ப் பையன் நேராகப் பொலிசுக்குத்தான் போவான். ஆகையால் அட்டைக்கு நம் காரியாலயத்தில் விண்ணப்பம் கொடுத்தார்கள். அது தோட்டத்து மாரியம்மன் திருவிழா முடிந்த கிழமை. அதே கிராம சேவகர் பிரிவிலிருந்து வேறு பத்துப் பேருடைய விண்ணப்பங்களும் அன்றைக்கே வந்தன. பதினொன்றும் ஒரே கட்டு.

எங்கள் முறை இப்படி இருந்தது. விண்ணப்பங்களைப் பார்க்கும் மிஸ், கொழும்புக்குப் போக வேண்டிய கட்டில் ரோஸ் நிறத் துண்டு ஒட்டுவார். கிராம சேவகருக்குத் திரும்பிப் போக வேண்டிய கட்டில் வெள்ளைத் துண்டு. துண்டில் சிங்களத்தில் ஏதோ எழுதியிருக்கும். நான் நிறத்தைப் பார்த்தே வேலை செய்தேன். ரோஸ் என்றால் தபால் பைக்கு. வெள்ளை என்றால் அலுமாரியின் கீழ்த்தட்டுக்கு. என்னால் வாசிக்க முடியாது என்று யாருக்கும் தெரியாது.

அந்தக் கிழமை ரோஸ் கடதாசி முடிந்துபோயிருந்தது. மிஸ் வெள்ளைத் துண்டிலேயே "கொழும்புக்கு, அவசரம்" என்று எழுதி ஒட்டியிருக்கிறார். கட்டைக் கையில் எடுத்தபோது எனக்கும் ஒரு சந்தேகம் வந்தது. துண்டில் வழக்கத்தைவிடக் குறைவாக எழுதியிருந்தது. மிஸ் நல்ல மனுஷி. "இது என்ன மிஸ்?" என்று கேட்டிருந்தால் வாசித்துச் சொல்லியிருப்பார். கேட்டால் என் "ஒவ் மாத்தயா" வெளியே வந்துவிடும். கட்டைக் கீழ்த்தட்டில் வைத்தேன். அதன் மேல் வேறு கட்டுகள் ஏறின.

மாரியாயி அக்கா மாதத்துக்கு ஒரு புதன்கிழமை வருவார். வெறுங்கையோடு வருவார், கடைசி இலக்கத்தோடு நிற்பார்.

"என்னா தம்பி, வந்திருச்சா?"

"கொழும்புல இருந்து இன்னும் வரலக்கா."

"கொழும்புக்காரனுக்கு என் மவன் மூஞ்சி புடிக்கலையோ என்னமோ. போட்டோவுல கொஞ்சம் மொறைச்சாப்புலதான் இருக்கான்."

இப்படி ஏதாவது சொல்லிச் சிரித்துவிட்டுப் போவார். உள்ளே போய் யாரையும் கேட்க மாட்டார். "நம்ம லயத்துப் புள்ள ஒண்ணு ஆபீசுல இருக்கு, அது பாத்துக்கும்" என்று மற்றவர்களிடம் சொல்வாராம். கொழும்பிலிருந்து வரவில்லை என்று நான் சொன்னது அப்போது பொய் இல்லை. உண்மையிலேயே அப்படித்தான் நினைத்தேன்.

எட்டு மாதம் கழித்து அலுமாரிக்குள் எலி செத்து நாறியது. எல்லாவற்றையும் வெளியே எடுத்துப்போடச் சொன்னார்கள். எலி கீழ்த்தட்டின் மூலையில் கிடந்தது. அதற்குப் பக்கத்தில் அந்தக் கட்டு. மேலே இருந்த விண்ணப்பத்தில், ஊசியால் குத்திய படத்தில், சிவகுமார் முறைத்துக்கொண்டிருந்தான்.

தலைமை லிகிதர் இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்திருந்தார். எழுந்து எட்டு அடி வைத்தால் போதும். அவர் சொன்ன சொல் காதில் இருந்தது. ஆனால் என்னை நிரந்தரமாக்கும் நேர்முகம் அடுத்த மாதம் என்று சொல்லியிருந்தார்கள். இரண்டு பெண் பிள்ளைகள் எனக்கு. அன்று பகல், எல்லாரும் சாப்பிடப் போனபின், மிஸ்ஸின் மேசையிலிருந்து ஒரு ரோஸ் துண்டை எடுத்தேன். பசை கிடைக்கவில்லை. என் சோற்றுப் பார்சலைத் திறந்து நாலு பருக்கையை நசுக்கி, வெள்ளைத் துண்டின் மேல் ரோஸ் துண்டை ஒட்டினேன். கட்டைத் தபால் பையில் போட்டேன். அனுப்பும் புத்தகத்தில் அன்றைய தேதி விழுந்தது. எல்லாம் சரியாகிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மிச்சச் சோற்றைச் சாப்பிட்டேன்.

அடுத்த தடவை மாரியாயி அக்கா முதல் முறையாக ஒரு கோவாவோடு வந்தார். "நம்ம கொல்லையில வெளைஞ்சது. நம்பருக்கு இல்ல தம்பி, பயப்படாத. நீ எனக்காக எவ்வளவு அலையுற" என்றார். நான் வாங்கிக்கொண்டேன். "கொழும்புல இருந்து வரலக்கா" என்றேன். அனுப்பியதே இப்போதுதான் என்பதை மறைத்தேன், அது பொய். அன்றிரவு என் வீட்டில் அந்தக் கோவாவைச் சமைத்தார்கள்.

சிவகுமாருக்குக் கடைக்காரர் கெடு வைத்தார். அவனும் பொறுத்துப் பார்த்துவிட்டு அட்டை இல்லாமலே நானுஓயாவில் ரயில் ஏறினான். அவன் போய் மூன்றாம் கிழமை விடுதியில் சுற்றிவளைப்பு. பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

மாரியாயி அக்கா மறுநாளே வந்தார். அன்று பொதுமக்கள் நாள் இல்லை. கொழுந்து எடுக்க மலைக்குப் போகும்போது கட்டும் படங்குச் சாக்கை இடுப்பில் இருந்து கழற்றாமலே வந்திருந்தார். அவனைப் பிடித்து வைத்திருக்கும் பொலிசில், அட்டைக்கு எப்போது விண்ணப்பித்தான் என்று காரியாலயத்தில் கடிதம் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். தலைமை லிகிதருக்கு அதற்குள் வவுனியாவுக்கு மாற்றம் கிடைத்துவிட்டது. தமிழும் சிங்களமும் பேசுகிறவன் நான் ஒருவன்தான். பெரிய மாத்தயா என்னைக் கூப்பிட்டு நடுவில் நிறுத்தினார்.

"சாமி, போன வருசம் எங்க தோட்டத்துத் திருவிழா முடிஞ்ச கெழமையே எழுதிக் குடுத்துட்டோம். ஒரு வருசமும் ஒரு மாசமும் ஆச்சு. மாசா மாசம் வந்து கேட்டேன். இந்தத் தம்பிதான் சாட்சி" என்றார் அக்கா.

பெரிய மாத்தயா பேனாவைத் திறந்து என்னைப் பார்த்தார். "எப்போது கொடுத்ததாம்?" என்று சிங்களத்தில் கேட்டார்.

தம்பிமாரே, அந்த அறையில் இருந்த நேரம் மொத்தம் ஐந்து நிமிஷம் இருக்காது. ஒரு வருஷம் ஒரு மாதம் என்று சொன்னால் அவர் உள்வரும் புத்தகத்தைக் கேட்பார். இரண்டு புத்தகத்தையும் பக்கத்தில் வைத்தால் எட்டு மாதம் இடைவெளி தெரியும். கட்டு யார் கையில் இருந்தது என்று கேட்பார். நேர்முகம் தள்ளிப்போய் வரப்போகிற திங்கட்கிழமைக்கு வைத்திருந்தார்கள். இதையெல்லாம் நான் ஆற அமர யோசித்தேன் என்று நினைக்காதீர்கள். வாய் முந்திக்கொண்டது.

"ஐந்து மாதத்துக்கு முன்னால் கொடுத்ததாம் மாத்தயா."

அவர் அனுப்பும் புத்தகத்தை எடுத்துவரச் சொன்னார். அதில் ஐந்து மாதம் சரியாக இருந்தது. அவருக்குத் திருப்தி. கடிதம் எழுதினார். அக்காவுக்குப் பஸ்ஸில் பேசும் அளவுக்குத்தான் சிங்களம். நான் மாத்தயாவிடம் சொன்ன ஒவ்வொரு சொல்லுக்கும் அவர் பக்கத்தில் நின்று தலையாட்டினார். கடிதத்தை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு என் கையைப் பிடித்தார். "நீ மட்டும் இல்லாட்டி என்னா செஞ்சிருப்பேன்" என்றார்.

திங்கட்கிழமை என்னை நிரந்தரமாக்கினார்கள்.

சிவகுமார் மூன்று மாதம் கழித்து வெளியே வந்தான். அவனுடைய அட்டை அதற்குள் வந்திருந்தது. வாங்கிக்கொள்ள அவனே வந்தான். ஆள் பாதியாகிவிட்டிருந்தான். ஒரு காது சரியாகக் கேட்கவில்லை. நான் கேட்காமலே சொன்னான்.

"மத்தப் பையன்களயெல்லாம் ரெண்டு கெழமையில வுட்டாங்கண்ணே. என்னயத்தான் போட்டுக் கொடஞ்சாங்க. நான் எழுதிக் குடுத்து ஒரு வருசத்துக்கு மேலன்னு சொன்னேன். கடுதாசியில அஞ்சு மாசம்னு இருக்கு. எது பொய்யி, ஏன் பொய் சொன்னன்னு கேட்டுக் கேட்டு..." கேட்காத காதைத் தடவிக்கொண்டான். "ஆபீஸ் கடுதாசி பொய் சொல்லுமாண்ணே? எனக்கே கொழம்பிருச்சு. கடசியில, நாந்தான் பொய் சொன்னேன்னு சொல்லிட்டேன்."

நான் புத்தகத்தைத் திருப்பி, "இந்த இடத்துல கையெழுத்து வைங்க தம்பி" என்றேன். அவன் அட்டையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "எங்கம்மா உங்கள நல்லா இருக்கணும்னு சொல்லிச்சு" என்றான்.

அதற்குப் பிறகு நான் லீக்ஸ் வாங்கவில்லை. இலக்கத்தை மாற்றிக் கொடுக்கவில்லை. மிஸ்ஸிடம் உண்மையைச் சொல்லிக் கொஞ்சம் சிங்கள எழுத்தும் பழகினேன், அச்செழுத்து மட்டும். என்னை நேர்மையான ஆள் என்று நீங்கள் சொல்வீர்கள். அந்தப் பெயர் எப்படி வந்தது என்று இப்போது தெரிந்திருக்கும். பதினொரு வருடத்துக்கு மேல் அந்தப் பெயரோடு வேலை செய்தேன். அக்கா ஓய்வு பெற்ற பிறகும், ஊரார் யாரிடமாவது வருடத்துக்கு ஒரு கோவா கொடுத்துவிடுவார். என் கடைசி நாள் வரைக்கும்.

அந்தக் கடைசிக் கோவாவை நான் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. பையோடு எடுத்துக்கொண்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்காவின் தோட்டத்து லயத்து வீட்டுக்குப் போனேன். அவர் தன் ஒற்றையறைக் காம்பராவின் வாசலில் உட்கார்ந்து விறகு முறித்துக்கொண்டிருந்தார். சிவகுமார் ஹட்டனில் ஒரு கடையில் வேலை செய்கிறான், கல்யாணமாகிவிட்டது, கொழும்புப் பக்கம் போவதே இல்லை என்றார். தேத்தண்ணீர் வைக்க எழுந்தார். வேண்டாம், உட்காருங்கள் அக்கா என்று சொல்லிவிட்டு, வெள்ளைத் துண்டிலிருந்து ஐந்து மாதம் வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகத்தைப் பார்க்காமல் கோவாவைப் பார்த்துத்தான் சொன்னேன்.

அக்கா கையில் இருந்த விறகைக் கீழே வைத்தார்.

"அப்ப நான் குடுத்த கோவாவத் தின்னப்ப உனக்குத் தொண்டையில சிக்கலியா?"

"சிக்குச்சுக்கா."

"சிக்கியும் முழுங்கிட்ட."

"ஆமாக்கா."

"அவன் பொய் சொன்னான்னு நானும் திட்டினேன். வெளிய வந்த பொறவு. வாய வச்சிக்கிட்டுச் சும்மா இருந்திருந்தா சீக்கிரம் வுட்டிருப்பாங்களேன்னு. அவன் ஒண்ணும் சொல்லாமப் போயிட்டான்." முந்தானையால் முகத்தைத் துடைத்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"பதினொண்ணுன்னு சொன்னியே. மத்தப் பத்துப் பேரு யாரு?"

சிவகுமாரின் படம் மேலே இருந்தது. அதற்குக் கீழே இருந்தவற்றை நான் புரட்டியே பார்க்கவில்லை. அவர்களுக்கும் எட்டு மாதம் பிந்தித்தான் அட்டை வந்தது. யார் எந்த வேலையை இழந்தார், யார் எங்கே மறிக்கப்பட்டார், யார் இன்னும் திரும்பி வரவில்லை, ஒன்றும் தெரியாது. இத்தனை வருடம் வெட்கப்பட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த வெட்கம்கூட ஒரு ஆளுக்குத்தான் போதுமானதாக இருந்திருக்கிறது.

"தெரியாதுக்கா."

"போய்ப் பாரு. எனக்குச் சொன்ன மாதிரியே அவுங்க வாசல்லயும் போயி ஒக்காந்து சொல்லு. அந்தக் கோவாவ இங்க வச்சிட்டுப் போ."

வைத்துவிட்டு வந்தேன்.

ஆகையால் உங்களிடம் ஒரு உதவி கேட்கத்தான் இவ்வளவையும் எழுதினேன். படிக்கட்டுக்குக் கீழே உள்ள பழைய புத்தக அறையில், சிவப்பு மட்டை போட்ட உள்வரும் புத்தகங்கள் இருக்கின்றன. தொண்ணூற்றாறாம் வருடத்துப் புத்தகத்தில், சித்திரைக்குப் பிறகு, ஒரே நாளில் ஒரே கிராம சேவகரிடமிருந்து பதினொரு விண்ணப்பங்கள் வந்த பக்கம் ஒன்று இருக்கும். கையால் எழுதிய சிங்களம் எனக்கு இன்னும் வராது. உங்களுக்கு இரண்டு மொழியும் வரும். இதை மேலிடத்துக்குச் சொல்ல வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றினால் சொல்லுங்கள், என் ஓய்வூதியத்தை நினைத்துத் தயங்க வேண்டாம். வருகிற புதன்கிழமை நான் வருகிறேன். பழைய ஆள் என்று பின்கதவால் கூப்பிடாதீர்கள். இலக்கத் துண்டு எடுத்துக்கொண்டு வரிசையில் நிற்கிறேன். என் இலக்கம் வந்ததும் அந்தப் பக்கத்தை எனக்கு மெதுவாக வாசித்துக் காட்டுங்கள். பத்துப் பெயரையும் நானே என் கையால் எழுதிக்கொள்கிறேன்.

2009 ஜனவரி 18, ஞாயிற்றுக்கிழமை.